மெர்லிமாவ் வீட்டுக்கு நான் போட்ட விலை

மதியம் இரண்டு மணி வெயிலில் அளவு டேப்பின் இரும்புத் தகடு விரலைச் சுடும். மெர்லிமாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்த வரிசை வீட்டில், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கமலா அக்கா என்னோடு அறை அறையாக நடந்தார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலாக்கா டவுனில் சொத்து மதிப்பீடு செய்யும் ஓர் ஆபீஸில் இரண்டாம் வருடம். வீட்டு லோன் கொடுக்கும் முன் பேங்க் எங்களிடம்தான் விலை கேட்கும்.

கமலா அக்கா பள்ளிக்கூட கேண்டீனில் சமைப்பவர். பதினோரு வருடமாக அங்கே வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் ஜொகூரில் மகனோடு இருக்கப் போவதால், வீட்டை அக்காவுக்கே விற்க நினைத்தார். நான் போடும் விலை குறைந்தால் லோனும் குறையும்; வீடு ரொக்கத்தோடு காத்திருந்த வேறொருவருக்குப் போய்விடும்.

"பாப்பா, கொஞ்சம் பாத்துப் போடுங்க லா," என்றார் அக்கா.

நான் டேப்பைச் சுருட்டினேன். விலை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது...

அந்த வருடம்தான் பேங்க் சொல்லி ஆபீஸுக்குப் புது சிஸ்டம் வந்திருந்தது. முகவரியைத் தட்டினால் அக்கம்பக்கத்து விற்பனைகளைப் பார்த்து அதுவே ஒரு எண் சொல்லும். இந்த வீட்டுக்கு மிகக் குறைந்த எண். அதே லோரோங்கில், அந்த ஒரே சந்தில், மூன்று வீடுகள் அடிமாட்டு விலைக்குக் கைமாறியிருந்தனவாம்.

"போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துரு தேவி. நம்பர்தான் இருக்கே," என்று காலையில் பாஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் பார்த்த வீடோ... விரிசல் இல்லாத சுவர், மாற்றிய கூரை, வெள்ளம் ஏறாத மேடு. அந்த எண் இதற்கு ஒட்டவே இல்லை.

பக்கத்து வீட்டு ஆண்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஆண்டி, இங்க வீடெல்லாம் ஏன் இவ்ளோ மலிவா வித்தாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு வித்தா? மூணும் எங்கப்பா லோரி ஓட்டி வாங்குனது. பெரிய அண்ணன் பேர்ல இருந்துச்சி. அப்பா போனதும் அண்ணன் எங்க மூணு பேருக்கும் எழுதிக் கொடுத்துட்டாரு. பத்திரத்துல பேருக்கு ஒரு வெல போட்டாங்க, அவ்ளோதான்."

சிஸ்டம் அதையே விற்பனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆபீஸில் சொன்னேன். "பக்கத்து வீட்டு ஆண்டி சொன்னாங்கன்னு பேங்குக்கு எழுத முடியுமா?" என்றார் பாஸ்.

மறுநாள் லீவ் போட்டுவிட்டு ஜாசின் நில அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, மூன்று வீட்டு ஆவணங்களையும் எடுத்தேன். நம் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தே வருமே... எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், எல்லாருக்கும் ஒரே அப்பா பெயர்.

அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அடுத்த தாமான் குடியிருப்பில் உண்மையிலேயே விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு என் விலையை எழுதினேன். அக்கா மேல் இரக்கப்பட்டு ஒரு வெள்ளிகூடக் கூட்டவில்லை.

பாஸ் அறிக்கையைத் தள்ளி வைத்தார். "சிஸ்டம் நம்பரையே போடு. நாளைக்கு பேங்க் நமக்கு வேலைக்கு ஃபைல் அனுப்பலன்னா நீ பொறுப்பா?"

"அந்த நம்பரப் போட்டா, வீட்ட நேர்ல பாத்தவங்கன்னு என் பேரப் போடாதீங்க பாஸ். நான் பாத்த வீடு அந்த வெலைக்கு உள்ளது இல்ல."

மூன்று ஆவணங்களையும் அறிக்கையின் மேல் வைத்தேன். அவருடைய மேசையை விட்டு நான் நகரவில்லை.

பாஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு என் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, "பேங்க்ல கேட்டா நீதான் பேசணும்," என்றார்.

பேசினேன், மூன்று முறை. லோன் கிடைத்தது, வீடு கமலா அக்கா பெயருக்கு வந்தது. அந்த பேங்க் சில மாதம் எங்களுக்கு ஃபைல் அனுப்பவில்லை. பாஸ் அதைச் சொல்லிக்காட்டாத நாளே இல்லை. நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது நானே கையெழுத்துப் போடும் மதிப்பீட்டாளர். நான் காரை எடுப்பதற்குள் சிஸ்டம் விலையைச் சொல்லிவிடுகிறது. பல சமயம் உதவவும் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாயா ரும்புட்டோ சிம்பாங் அம்பாட்டோ, எந்த ஊரானாலும் இறங்கி நாலு பேரிடம் விசாரிக்காமல் நான் எந்த விலையும் எழுதுவதில்லை.

பேங்க் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். சிஸ்டம் விலையிலிருந்து மாறினால் காரணம் எழுத வேண்டுமாம். ஒரு வரிக்குத்தான் இடம். நான் இரண்டு பக்கம் எழுதி இணைக்கிறேன். சுருக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

அதே இரண்டு பக்கத்தை மறுபடியும் அனுப்புவேன்.