இரண்டு எண்ணுவதற்குள் விழும் பலகை

என் அக்காவைத் தோற்கடிப்பதற்காகத்தான் அந்த விளையாட்டை உருவாக்கினேன். யாராவது கேட்டால், சின்ன வயதில் ஆடிய ஆட்டத்தின் மேல் உள்ள பிரியத்தால் அதற்கு இரண்டாம் பாகம் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பிரியமாவது மண்ணாங்கட்டியாவது.

சித்தூரில் எங்கள் வீட்டில், டிவியோடு இணைத்து ஆடும் ஒரு மலிவு விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதற்கு ஒரே ஒரு மஞ்சள் கேசட். தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்ட குள்ளன் ஒருவன் பலகைக்குப் பலகை தாவி, பள்ளத்தையும் முள்ளையும் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பான். அவ்வளவுதான் ஆட்டம். பெட்டியோடு வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்று முதல் வாரமே செத்துவிட்டது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: ஒரு உயிருக்கு ஒருத்தர். குள்ளன் செத்ததும் ரிமோட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நியாயமான சட்டம்தான். ஆனால் அக்கா சாகவே மாட்டாள்.

நான் அரை நிமிடத்தில் செத்துவிடுவேன். அவள் வாங்கினால் மதியம் முழுக்க ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து அவள் ஆடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். நடுவில் திரும்பி, "இன்னும் இங்கியே உக்காந்துக்கினு கீறியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அவளை ஜென்மத்துக்கும் மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

பார்த்துப் பார்த்து அவளுடைய ஆட்டம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் நின்று, உதட்டுக்குள் தெலுங்கில் எண்ணுவாள். தெலுங்கு மீடியத்தில் படித்த எங்களுக்கு எண்கள் மட்டும் அந்த மொழியில்தான் வரும். ஒகட்டி, ரெண்டு, மூடு. மூன்றாவதில் குதிப்பாள். பழைய ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்து முள் சரியாக அப்போதுதான் இறங்கும். அதை அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். எனக்குச் சொல்லித் தரவில்லை.

திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்து, அங்கேயே ஒரு அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்குப் புத்தி வந்தது. அந்த ஆட்டத்தைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது; இரண்டாம் பாகம் வரவே இல்லை. சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. சித்தூருக்கு ரயிலில் போகும்போதும், பாகாலாவில் வண்டி நிற்கும் நேரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக் குள்ளனைக் குதிக்கவிட்டுப் பார்ப்பேன்.

ரசிகர்கள் செய்யும் இரண்டாம் பாகங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும். பழைய ஆட்டத்தில் ஒரு பூதம் வந்தால் இதில் பத்து பூதம் வரும். எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டு, இதுதான் மரியாதை என்பார்கள். நான் எதையும் பெரிதாக்கவில்லை. அதே குள்ளன், அதே பானை, அதே பலகை. பழைய ஆட்டக்காரனின் விரலுக்கு எது பழகியிருக்கிறதோ, அந்தப் பழக்கத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான். மூன்றில் குதிக்கலாம் என்று நிற்பான். இரண்டிலேயே பலகை விழும். விழுந்தவன் திட்டி முடிப்பதற்குள் குள்ளன் மறுபடி எழுந்து நிற்பான். தப்பு தன்னுடையதுதான் என்று அவனுக்கே தெரியும். அதனால் இன்னொரு தடவை ஆடுவான். இந்த ஆட்டத்தின் சுகமே அதுதான்: அது யாருக்கும் இரக்கம் காட்டாது, யாரையும் ஏமாற்றவும் செய்யாது.

கடைசி அறையில் தமிழில் ஒரு வரி எழுதினேன். 'அக்கா, நீ இங்க வரவே மாட்ட.' எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன்.

சங்கராந்திக்கு அக்கா சத்தியவேட்டிலிருந்து வந்தாள். கல்யாணமாகி அங்கே போனவள், பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செல்போன் மூடி பொருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கனுமா, அதாவது மாட்டுப் பொங்கல். அன்று மத்தியானம் கறிச்சோறு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் சாய்ந்திருந்தார்கள். டிவியில் ஆட்டத்தைப் போட்டு, புது ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"டேய், நம்ம குள்ளன்டா! நீயா பண்ண?" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. எனக்கு அதைவிட.

முதல் பலகையில் ஏறி நின்றாள். ஒகட்டி, ரெண்டு என்றாள். பலகை விழுந்தது. கூடமே சிரித்தது. பழைய சட்டப்படி ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். நான் சாவேனா? ஒவ்வொரு பொறியும் நான் வைத்தது. வேண்டுமென்றே மெதுவாக ஆடினேன். நடுவில் குள்ளனை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். பிறகு திரும்பி, "இன்னும் இங்கியே உக்காந்துக்கினு கீறியா?" என்றேன். இத்தனை வருடமாக வைத்திருந்து கேட்டேன்.

போதும் போதும் என்கிற வரைக்கும் ஆடிவிட்டு, ஒருவழியாகச் செத்துக் கொடுத்தேன். இந்த முறை அவள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். "ஒகட்டி" என்று சொல்லும்போதே அழுத்தினாள். குள்ளன் அசையவில்லை. விழுந்தான். அடுத்த முறை ரிமோட் வந்தபோதும் அப்படியே.

"ஒகட்டிக்கே அமுக்கினேன்டா."

"விழறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உனக்கு வயசாயிடுச்சு அக்கா."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். காபி வரும்வரை அவள் அந்தப் பலகையைத் தாண்டவில்லை. வலது கட்டைவிரலை இடது கையால் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆத்திரத்தில் அழுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "அவளுக்கு அந்தக் கட்ட வெரலு செத்துப்போச்சுடா. நாளெல்லாம் மூடிய வெச்சு அமுக்கி அமுக்கி மரத்துப்போச்சு. மாத்திரை துன்னுக்கினுதான் கீறா. சோறு பெசஞ்சா கையில பருக்கை கீதா இல்லியான்னே தெரியலியாம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா."

பக்கத்து அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். இரண்டில் விழும் பலகை ஐந்து வரை நிற்கும்படி செய்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ அக்கா" என்றேன். அவளும் ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தாள்.

பலகையில் ஏறினாள். ஒகட்டி என்று அழுத்தினாள். விரல் கேட்கவில்லை. ரெண்டு என்றாள்; பலகை நின்றது. இனி அழுத்தினாலே போதும், தாண்டிவிடலாம். அவள் விரலை எடுத்துவிட்டாள். மூடு, நாலுகு என்று எண்ணிக்கொண்டே குள்ளனைச் சும்மா நிற்கவிட்டாள். ஐந்தும் சொன்ன பிறகுதான் பலகை விழுந்தது.

"நேத்து ரெண்டுலயே வுழுந்தது" என்றாள்.

என் பார்வை லேப்டாப் பக்கம் போனது.

"அம்மா சொல்லிட்டாளா?"

தலையாட்டினேன்.

"நேத்து நீ சிரிச்சப்பகூட நான் ஆடிக்கினுதாண்டா இருந்தேன். இன்னைக்குத் தாண்டிடுவேன்னு நெனச்சுத்தான் உக்காந்தேன். இப்ப பிச்ச போடுறியா?"

சட்டப்படி ரிமோட்டை என் கையில் வைத்தாள். நான் முதல் பள்ளத்திலேயே குள்ளனைத் தள்ளிவிட்டு, ரிமோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சத்தியவேடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்த எண்ணை மறுபடியும் இரண்டாக மாற்றி, ஆட்டத்தை இணையத்தில் போட்டேன். முன்பின் தெரியாதவர்கள் ஆடுகிறார்கள். அந்தப் பலகையைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், அதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். சிலர் கடைசி அறை வரைக்கும் போய்விடுகிறார்கள். அங்கிருக்கும் வரியைப் படம் பிடித்து அனுப்பி, இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள்.

தமிழ் என்று பதில் எழுதுகிறேன். 'வாழ்த்துகள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்' என்று அர்த்தம் என்கிறேன்.