ஏரிக்கு மார்க் போட்ட மச்சினர்

என் மனைவி லூர்துராணியின் தம்பி இருதயநாதன் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் வடக்கே ஒரு மலை ஏரிக்குப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது ஊரிலுள்ள ஏரி குளங்களுக்கெல்லாம் தானே டாக்டர் என்று நினைப்பு. நீர்நிலையின் ஆரோக்கியத்துக்கு மார்க் போடும் முறையைக் கற்றுக்கொண்டாராம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் இத்தனை, பச்சை இருந்தால் இத்தனை, மீன் இருந்தால் இத்தனை. வற்றாத மலை ஏரிக்குச் செய்த கணக்கு அது. நம் ஊருக்குக் கொஞ்சம் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன்.

"தராசை ஊருக்கு ஊர் மாத்துவாங்களா அத்தான்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவரை இரண்டு அறை விடலாம்.

அடுத்த சித்திரையில், கல்லூரி லீவு விட்டதும், ஒரு சர்க்கார் ஆபீசுக்காக ஏரி குளங்களை அளக்கக் கிளம்பினார். ஸ்ரீரங்கத்துப் பக்கம் சாக்கடை விழுந்து ஆகாயத்தாமரை மூடிய ஒரு குட்டைக்கு எழுபது மார்க். வற்றவே இல்லையே, பச்சைப்பசேல் என்று இருக்கிறதே! வையம்பட்டிப் பக்கம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பூஜ்யம்.

லூர்துராணி கரையில் நின்று கெஞ்சினாள். "நீ நீச்சல் கத்துக்கிட்ட ஏரிடா இது. சித்திரையில என்னைக்குடா இதுல தண்ணி இருந்துச்சு? ஐப்பசியில வந்து பாரு. இது போனா எங்க வயலும் போச்சு."

"விஞ்ஞானத்துல உறவெல்லாம் கிடையாதுக்கா."

செத்த ஏரி என்று எழுதிக் கொடுத்தார். மலைக்கோட்டையில் ஏதோ ஒரு சங்கம் அதற்குச் சால்வை போர்த்தியது, வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். அவர் எழுதியதைக் காட்டி ஏரிக்குள் மனை போட்டார்கள். பாதைக்காகக் கரையை வெட்டினார்கள்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வழக்கம்போல ஏரியைத் தேடி வந்தது. பாதி கட்டியிருந்த வீடுகளுக்குள் புகுந்தது, வெட்டிய கரை வழியாக வெளியே ஓடிவிட்டது. மார்கழியில் மதகைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. கதிர் பால் பிடிக்காமல் வயல் முழுக்கப் பதராக நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

பொங்கலுக்கு அக்கா வயலின் புது அரிசியை வாங்கிப்போவது மச்சினரின் வழக்கம். அந்த வருஷமும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"மழை நல்லாத்தானே பெஞ்சுது? அரிசி எங்கக்கா?"

லூர்துராணி பையை வாங்கி ஒரு உதறு உதறினாள். வெறும் பையை அவர் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"நீ போட்ட மார்க்கை உலையில கொட்டிப் பொங்கித் தின்னுடா."