சிவப்புத் தரையில் வரைந்த கென்யா

கென்யா எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. தையல் மெஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே, சிவப்புச் சிமெண்டுத் தரையில், பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் அப்பா அதை வரைந்திருந்தார். ஜன்னலோரம் கடல். சுவரோரம் பனிமலை. நடுவில் புல்வெளி, புல்வெளி, முடியவே முடியாத புல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு ஏரி. பூநாரைகள் வந்து இறங்கினால் அந்த ஏரித் தண்ணீரே ரோஜா நிறமாகிவிடும் என்றார் அப்பா. அப்படிச் சொன்னவர் அதுவரை போய்வந்த தூரம் பழனியும் ஊட்டியும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. அப்பா சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் லேத் ஓட்டினார். அம்மாவின் தம்பி, என் மாமா, கென்யாவில் ஏதோ ஒரு நூல் மில்லுக்கு மெஷின் பூட்டப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அவர் அனுப்பும் காலண்டரில் மாதத்துக்கு ஒரு மிருகம் எங்கள் சுவரில் வந்து நிற்கும். லீவுக்கு வாங்க, வாங்க என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்த பிறகுதான் அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

கத்தி வைத்தால் பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் சிரமம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மாட்டேன் என்றாள். அவள் அக்கா அப்படித்தான் தன் காலால் நடந்துபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாள். திரும்பி வரும்போது துணியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். அதனால் அப்பா சாயங்காலம் தோறும் தரையில் மண்டிபோட்டு அந்த நாட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். உடம்பு தேறிய பிறகு போகிற நாடு. என்னிடம் சொன்ன வரிசை இதுதான்: முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் பாஸ்போர்ட், அப்புறம் கென்யா. பனிமலைக்கு ஸ்வெட்டர் வாங்குவது போல ஆஸ்பத்திரியும் பயணத்துக்கான ஒரு ஏற்பாடு என்றே நான் நினைத்திருந்தேன்.

“யானையப் பாக்க அத்தன தூரம் போவோணுமாங்க? மருதமலை அடிவாரத்துல நின்னா அதுவே வந்து நம்மளப் பாத்துட்டுப் போவுது” என்பாள் அம்மா.

“இது வேற யானை அம்மணி. காது மொறத்தாட்ட இருக்கும்.”

“உங்கக்கா காதும் அப்பிடித்தான் இருக்குது. டிக்கெட்டுச் செலவில்லாம ஊட்லயே பாத்துக்கலாம்.”

அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள்; சிரிப்பின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வாள். வலி போனதும் எழுந்து தரை துடைப்பாள். ஈரத்துணி கென்யாவின் ஓரம் வரை போகும். கோட்டைத் தொடாமல் வளைந்து திரும்பிவிடும்.

கடைசியில் ஒருநாள் அவளே சொன்னாள்: “ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க. வெள்ளை வந்தா நீங்க சொல்றாப்புல கேட்டுக்கறேன். செவப்பு வந்தா என்னைய உட்டுருங்க.”

எங்கள் குலதெய்வக் கோயில் பல்லடம் தாண்டி, சோளக்காட்டு நடுவில். கல்யாணமானாலும் கிணறு வெட்டினாலும் அங்கே பூக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் எதுவும் ஆகாது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று; தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

குழந்தை நான். கேள்வி கென்யா என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் வழிநெடுக வெள்ளை, வெள்ளை என்று முணுமுணுத்தபடி போனேன்.

வழக்கமாகப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார். அன்று அப்பா, “நானே கட்டறேனுங்க” என்று பூத்தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப்புறம் போனார். கொண்டுவந்து வைத்த இரண்டும் லேத்தில் கடைந்தெடுத்தவை போல அச்சாக ஒரே அளவு. அம்மா கண்ணை மூடி நின்றாள்.

நான் எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளரளி.

“பாத்தியா அம்மணி! ஆத்தாளே சொல்லிப்போட்டா பாத்தியா!” என்று அப்பா பெரிய குரலில் சொன்னார், காது கேட்காதவரிடம் சொல்வது போல. பிறகு மிச்சப் பொட்டலத்தை எடுத்துப்போய் மரத்தடியில் வீசிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்களைப் போகவிடாமல் செய்யப் பார்த்த பூ எப்படித்தான் இருக்கும்? யாரும் கவனிக்காதபோது பொட்டலத்தைப் பொறுக்கி நாரை அறுத்தேன். அதற்குள்ளும் வெள்ளரளி.

சந்தோஷம் தாங்காமல், கல்லில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, இதுலயும் வெள்ளைதான்! ரெண்டு தடவ போயிட்டு வரச் சொல்லுது சாமி!”

அம்மா அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு குழாயடியைப் பார்த்தாள். அப்பா முதுகைக் காட்டிக் குனிந்து தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டிருந்தார். எத்தனை அறைந்தும் அவருக்குப் போதவில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்து அந்தப் பூவை என் ஜடையில் செருகினாள்.

“அப்பாகிட்டச் சொல்லாத கண்ணு.”

“ஏம்மா?”

“சொன்னா சாமி கோவிச்சுக்கும்.”

பஸ்ஸில் அப்பா என் தலையைப் பார்த்து, “ஏது பூ?” என்றார்.

“கோயில் செடில பறிச்சேனுங்க” என்றாள் அம்மா. “எப்பப் போயி ஆஸ்பத்திரில படுக்கோணும், நீங்களே ஒரு நாளப் பாத்துச் சொல்லுங்க.”

கென்யாவுக்கென்று வாங்கிய பெட்டியில் அவளுடைய பழைய சேலைகளும் ஒரு டம்ளரும் ஆஸ்பத்திரிக்குப் போயின. போகிற அன்று காலையிலும் கோட்டைத் தொடாமல்தான் துடைத்துவிட்டுப் போனாள். கத்தி வைத்தார்கள். அவள் கண் திறக்கவில்லை.

கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். வேறு இடம் இல்லை. தலை பனிமலையில், கால் கடலில். சொந்தக்காரர்கள் புல்வெளியெல்லாம் மிதித்துக்கொண்டு நடந்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். மலையும் புல்லும் ஏரியும் வெள்ளையாகக் கரைந்து, வாசல்படி தாண்டிச் சாக்கடைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மயானத்திலிருந்து திரும்பிய அப்பா ஈரத் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. வெறும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடு அழிந்துபோன துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே நல்ல சேதியை அவருக்குச் சொன்னேன்.

“போலாம்ப்பா. சாமி ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான் குடுத்துச்சு. நான் பிரிச்சுப் பாத்தேன். அம்மாகிட்டயும் காட்டினேன்.”

அப்பா மெல்லத் திரும்பினார்.

“எப்ப?”

“அன்னிக்கே. கோயில்லயே.”

“அம்மா என்ன சொன்னா?”

“உங்ககிட்டச் சொல்ல வேண்டான்னா. பூவ எனக்கு வெச்சுவுட்டா.”

அப்பா என் ஜடையைத் தொட்டுப் பார்த்தார், அங்கே இன்னும் எதுவோ இருப்பது போல. பிறகு முன்னால் சரிந்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துப் படுத்துக்கொண்டார். நல்ல சேதி கேட்டவர் இப்படிச் செய்வாரா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஏரி இருந்த இடத்தில் படுத்திருந்தார் என்பதும், தரை இன்னும் காயவில்லை என்பதும்தான்.