கண்டக்டருக்குக் குமட்டியது

அவரை எல்லோரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளியவர். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, குமட்டல் வியாதியே இல்லை, வெறும் கொழுப்பு என்று முடிவுகட்டியிருந்தார். அவர் மனைவியோ, பாவம், பஸ் உறுமினாலே வாயைப் பொத்துகிற ரகம். "என் வண்டில மட்டும் ஏறிடாத, மானம் போயிடும்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். எங்கே போனாலும் அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்டவரை மகள், சம்பந்தி வீட்டாரோடு சேர்த்துச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனாள். ஏறுவதற்கு முன்பே மனைவி ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு இன்னொன்றை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தான் வாந்தி எடுத்ததில்லை என்று சம்பந்தியிடம் அளந்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் ஒரு பிடி பிடித்துக் காட்டுவதாகச் சவடால் வேறு.

கரை மறைந்ததும் கப்பல் ஆடத் தொடங்கியது. மனைவி கப்பலின் நடுவாக ஜன்னலோரம் இடம் பிடித்து, தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தபடி பிஸ்கட் கொறித்துக்கொண்டு சமர்த்தாக இருந்தாள். நம் ஆளுக்கு உட்காரத் தெரிந்தால்தானே. கூடத்தின் முன்பக்கத் தூணில் சாய்ந்து, காலை அகட்டி, கப்பல் போகும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். ஆடுகிற தலைகளை எண்ண எண்ண வயிறு புரண்டது. எண்ணிக்கை பாதிக் கூடத்தைத் தாண்டவில்லை.

ஓடிப்போய் மனைவியின் பையிலிருந்த மாத்திரையை எடுத்துப் போட்டார். முன்னாலேயே போட வேண்டியதைக் குமட்டிய பிறகு போட்டால் உள்ளே தங்குமா? வந்த வழியே திரும்பிவிட்டது.

கழிப்பறைத் தரையில் உட்கார்ந்திருந்தவரை மனைவி தேடி வந்து, நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்த அவஸ்தையோடா இவள் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் தன் இடத்தில் உட்காரவைத்து, தூரத்தில் பார்க்கச் சொன்னாள்.

சாப்பிடக் கூப்பிடச் சம்பந்தி வந்தார். இவருக்கு இன்னும் பசிக்கவில்லை என்று மனைவி முந்திக்கொண்டு சமாளித்தாள்.

விசில் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வாந்தி எடுத்தேன் சம்பந்தி. இவள நான் என் வண்டில ஏத்தினதே இல்ல. இவ எனக்கு ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்துட்டு நிக்கிறா."