புல் வெட்டும் மெஷினும் நான் வைத்த செங்கற்களும்

2012-ஆம் வருடம், கடலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அதற்கு முந்தைய டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் எங்கள் தோட்டத்து மா, பலா, முருங்கை எல்லாமே சாய்ந்துவிட்டன. கூடவே காம்பவுண்டுச் சுவரில் பாதியும் போனது. விழுந்த மரங்களை அறுத்து எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டு வாசல் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. மறுபடி மரம் வைத்து அது எப்போது வளர்ந்து எப்போது நிழல் தருவது என்று சலித்துக்கொண்ட என் கணவர், நர்சரியிலிருந்து புல் வாங்கி வந்து முன்பக்கம் முழுக்கப் பதித்துவிட்டார். ஊரே முந்திரிக்கும் பலாவுக்கும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் பச்சைப் புல்வெளி.

நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். பல வருஷம் காயத்துக்குக் கட்டுப்போடும் பிரிவில் இருந்தவள். கரும்பு ஜூஸ் மெஷினில், மாவு மில் பெல்ட்டில், மிக்ஸி ஜாரில் கையை விட்டுக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். வலியில் துடித்துக்கொண்டே அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான். "ஒரு நிமிஷம்தான் சிஸ்டர், அந்தப் பக்கம் திரும்பினேன்." இதைக் கேட்டுக் கேட்டு, சுற்றுகிற எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்காமல் மிக்ஸி மூடியைத் திறக்கமாட்டேன். கேஸை மூடினேனா என்று நினைத்துக்கொண்டு, ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடிவந்த நாட்களும் உண்டு. வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்றே பெயர்.

அந்த வருடம் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பெண் குழந்தை. அவள் கணவர் சிதம்பரத்துக்காரர், ஜெர்மனியில் வேலை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தரியால் புல் வெட்டுவதை நாத்தனார் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே, தானாகவே புல் வெட்டும் மெஷின்.

பார்க்க ஆமை மாதிரி இருந்தது. தோட்டத்து ஓரமாக ஒரு ஒயரைப் பதித்துவிட்டால் அந்த எல்லையைத் தாண்டாதாம். சார்ஜ் குறைந்தால் தன் இடத்துக்குத் தானே போய் ஒட்டிக்கொள்ளுமாம். தெருவே கேட்டுக்கு வெளியில் நின்று வேடிக்கை பார்த்தது. என் கணவர் குழந்தை மாதிரி அதன் பின்னாலேயே நடந்தார். நான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஷேவிங் பிளேடு கணக்காக மூன்று பிளேடுகள்.

கீழே யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்று நாத்தனார் கணவரிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் சென்சார் இருக்குதுக்கா. இடிச்சா திரும்பிடும், தூக்குனா நின்னுடும்" என்றார். இடிக்கிற அளவுக்கு உயரம் இல்லாத பொருளாக இருந்தால்? அவர் சிரித்துவிட்டு, கம்பெனிக்காரன் இதையெல்லாம் யோசிக்காமலா செய்திருப்பான், அங்கே எத்தனையோ வீட்டில் இது ஓடுகிறது என்றார். அந்த ஊரில் புல்லில் பாய் விரித்துக் குழந்தையைப் போடுவார்களா என்று கேட்க வாயெடுத்தேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னார், மாப்பிள்ளை ஆசையாக வாங்கிவந்ததைக் குறை சொல்லாதே என்று. அவர் சொன்னதிலும் தப்பில்லை. வீட்டு மாப்பிள்ளை கொண்டுவந்த பொருளை வீட்டு மருமகள் குறை சொன்னால், அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்: பொறாமை. நாத்தனாரும் சிரித்துக்கொண்டே, அண்ணிக்கு அண்ணன் இப்படி ஒன்றும் வாங்கித் தரவில்லையே என்று ஒரு வார்த்தை விட்டாள். சிரிப்புதான், ஆனாலும் சுருக்கென்றது.

மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிய பிறகு மெஷினை வேவு பார்க்க ஆரம்பித்தேன். அது நேராகப் போகவே போகாது. சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று போகும். எதிரில் ஒரு பூசணிக்காயை வைத்தேன், இடித்துத் திரும்பியது. சபாஷ் என்றேன். அடுத்து ஒரு முருங்கைக்காயைப் போட்டேன். அதன் மேலேயே ஏறிப்போய் சாம்பாருக்குப் போடுகிற மாதிரி நறுக்கித் தள்ளியது. கடைசியாக, ஒரு கையுறையில் ஈரப் பஞ்சை அடைத்து, விரல்களை விரித்தாற்போல் புல்லின் மேல் வைத்தேன். மெஷின் அசங்காமல் அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. எடுத்துப் பார்த்தால் இரண்டு விரல் நுனிகளைக் காணவில்லை.

அதை அப்படியே கொண்டுபோய் என் கணவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படுவார். குழந்தை உள்ளே தூங்குகிற மத்தியான நேரத்தில் மட்டும் ஓடுகிற மாதிரி டைம் வைத்துவிடலாம் என்றார். அப்படியே வைத்தார். எல்லோருக்கும் நிம்மதி, என்னைத் தவிர.

காரணம், அப்போதைய கரண்ட் கட். வரும், போகும், எப்போது வரும் என்று மின்சார ஆபீஸ்காரருக்கே தெரியாது. ஒரு முறை ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்துவிட்டு வந்தபோது, மெஷின் காலையிலேயே வெளியில் வந்து புல் வெட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி அடியோடு தீர்ந்தால் அது மணியை மறந்துவிடுகிறது, சார்ஜ் ஏறியதும் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடுகிறது என்று எனக்குப் புரிந்தது. சொன்னேன். நைட் டியூட்டி முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பேன் என்று சிரித்தார்கள்.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்த சமயம் அது. காலை இளவெயிலில் பாயைப் புல்லில் விரித்து அவளைப் போடுவது வழக்கம். குப்புற விழுந்ததும் கையை நீட்டிப் புல்லைப் பிடித்து இழுப்பாள். அந்தக் குட்டி விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையுறைதான் கண்ணுக்குள் வரும். மெஷினை அணைத்துவைத்தால் மறுபடி பொறாமை என்பார்கள். அதனால், அது எதை இடித்தால் திரும்புமோ அதை வைப்போம் என்று, புயலில் விழுந்த சுவரின் செங்கற்களை எடுத்து வந்து பாயைச் சுற்றி நிற்கவைத்தேன். என் கணவர், கோட்டை கட்டியாச்சா என்று கிண்டல் பண்ணினார். மாமியார் அந்தச் செங்கற்களைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து இன்னொரு கூத்து. காலையில் நான் வைத்துவிட்டுப் போகும் செங்கற்கள், திரும்பி வரும்போது சுவரோரம் அடுக்கியிருக்கும். வெயில் வந்ததும் பாயைச் சுருட்டியபோது எடுத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். லீவு நாளில் ஒருநாள் உள்ளே போய் காபி குடித்துவிட்டு வருவதற்குள், பாய் விரித்தபடி இருக்கிறது, குழந்தை கிடக்கிறது, செங்கல் மட்டும் இல்லை. மாமியார்தான் எடுத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, மறுபடி அடுக்கினேன். மறுநாள் மறுபடி எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இது ஒரு வாய் பேசாத சண்டையாகவே நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னதாலேயே அது தப்பாகிவிட வேண்டும் என்று நினைக்கிறார், மாப்பிள்ளை வாங்கிவந்த மெஷினுக்கு முன்னால் பேத்தியின் விரல்கூடப் பெரிதில்லை இவருக்கு என்று மனதுக்குள் பொருமினேன்.

அப்போது எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இரண்டு நாள் கரண்ட் கிடையாது. இரண்டாம் நாள் ராத்திரி எனக்கு நைட் டியூட்டி. காலையில் பாய் விரிக்கும் இடத்தைச் சுற்றிச் செங்கற்களை அடுக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தேன். கடலூரில் இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்ததும் டீக்கடையில் ஃபேன் ஓடுவது கண்ணில் பட்டது. எப்போது கரண்ட் வந்தது என்று கேட்டேன். "விடியக்காலையே வந்துடுச்சே சிஸ்டர்" என்றார் கடைக்காரர்.

விடியற்காலை என்றால் இந்நேரம் சார்ஜ் ஏறியிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற கால்கள் எப்படித்தான் ஓடினவோ தெரியாது. கேட்டைத் தள்ளினேன். செங்கல் எல்லாம் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தது. நடுவில் பாய். குழந்தை குப்புற விழுந்து, பாயை விட்டு ஒரு கையைப் புல்லில் நீட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசற்படிப் பக்கம், குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனாரைக் காணோம். அந்த ஆமை, சத்தமே இல்லாமல், பாயைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கத்தினேனா என்று நினைவில்லை. தோளில் இருந்த பையை, டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பையை, அப்படியே மெஷினுக்கு முன்னால் வீசினேன். இடித்தது, ஒரு கணம் நின்று யோசிக்கிற மாதிரி இருந்தது, திரும்பியது. அதற்குள் குழந்தையை வாரி எடுத்துவிட்டேன். அவள் பயந்து வீறிட்டாள். மாமியார் திரும்பிப் பார்த்தபோது, நான் பையை எறிந்ததும் குழந்தையைப் பிடுங்கியதும்தான் அவருக்குத் தெரிந்தது. என்ன ஆச்சு உனக்கு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், திரும்பிப் போன மெஷின் இன்னொரு பக்கமாக வந்து பாயின் மேலேயே ஏறியது. குழந்தை கிடந்த இடத்தில் விரித்திருந்த பழைய வேட்டித் துணி கிழிந்து கோரைத் துண்டுகளோடு பறந்தது.

உள்ளேயிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். குளிக்க வைக்கத் தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கிறாள். கிழிந்த துணியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஒரு நிமிஷம்தான் அண்ணி."

ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை கேட்ட அந்த வார்த்தையை அன்று என் வீட்டு வாசலில் கேட்டேன். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக் கவிழ்த்து அணைத்தேன். அப்புறம் மாமியார் பக்கம் திரும்பினேன். இத்தனை நாள் அடக்கிவைத்த அத்தனையும் வாய் வரை வந்துவிட்டது. அந்தச் செங்கல்லை ஏன்தான் எடுத்தீர்கள் என்று ஆரம்பித்தேன்.

அவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கிழிந்த துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார். "உன் புருஷனுக்கு முன்னால ஒண்ணு பொறந்து தவறிப்போச்சும்மா. அப்ப கையில காசு இல்ல. கல்லறைத் தோட்டத்துல இதே மாதிரி சுத்தி செங்கல் வச்சுட்டு வந்தோம். புள்ளய சுத்தி நீ செங்கல் வைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரியுது. இன்னான்னு உங்கிட்ட சொல்வேன்?"

அப்படி ஒரு குழந்தை இருந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. நான் எந்தக் குழந்தைக்காகப் பயந்து செங்கல் வைத்தேனோ, அதே குழந்தைக்காகப் பயந்துதான் அவர் எடுத்திருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரும் அழுதோம். குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். யார் எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமியார் போனை வாங்கினார். "மாப்பிள்ளை, அந்த மெஷின் எனக்கு ஒத்துவரல. என் மருமக ஒண்ணும் சொல்லல, நான்தான் வேணாங்கிறேன். மூட்ட கட்டி வச்சிட்டோம்." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார். அப்புறம் நாத்தனார் தனியாகப் பேசி நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவரே எனக்குப் போன் செய்து, "அக்கா, நன்றி" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் யாராவது அந்த மாதிரி மெஷின் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், உங்கள் வீட்டுத் தோட்டம் பார்ப்பதற்கா, உட்காருவதற்கா என்று திருப்பிக் கேட்பேன். நின்று பார்க்கிற தோட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். நாம் தரையில் வாழ்கிற ஜனம். பாய் விரிப்போம், வடகம் காயவைப்போம், குழந்தையைக் கிடத்துவோம். நம் உயரம் அந்த மெஷினுக்குத் தெரியாது. எங்களுடையது இன்னும் பரண் மேல்தான் கிடக்கிறது. என் கணவர் பழையபடி கத்தரியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் செங்கற்களை ஒரு மாங்கன்றுக்கு வரப்பாக வைக்கப் போனபோது, மாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

என் சந்தேகப் புத்தி போகவில்லை. சுற்றுகிற எதையும் இன்றைக்கும் நான் நம்புவதில்லை. ஆனால் நான் வைத்ததை யாராவது எடுத்துவிட்டால், மனதுக்குள் பொருமாமல், ஏன் எடுத்தீங்க என்று அன்றைக்கே கேட்டுவிடுகிறேன்.