பாய்கினின் இடது கை

வர்ஜில் டாட்லாக் பொய் சொல்லித்தான் வயிறு வளர்த்தார் என்று அவருடைய மனைவி லொரீன் ஊரறியச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்றுகொண்டுகூடச் சொல்வாள். வர்ஜில் சிரித்துக்கொள்வார், மறுத்ததில்லை.

அவர் வேலை அப்படி. வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பெரிய நகரத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடி, இடித்து வீழ்த்தி ஆடுகிற ஆட்டத்துக்கு, ஆள் பார்த்துக் கொடுப்பது. மிசிசிப்பி, அலபாமா, டென்னஸி மூன்றும் அவர் வட்டாரம். ஆகஸ்ட் வெயிலில் காரை எடுத்தால் கல்லூரி கல்லூரியாகப் போவார். பயிற்சியைப் பார்ப்பார், பழைய ஆட்டங்களின் படச்சுருளைப் போட்டுப் பார்ப்பார், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற அம்மாளிடம் பையன் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போகிறானா என்று விசாரிப்பார். ஏப்ரலில் எல்லா அணிகளும் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கிக்கொள்ளும்போது, வர்ஜிலின் பேச்சுக்கும் ஒரு காது கிடைக்கும். அந்த ஒரு காதுக்காகத்தான் வருஷம் முழுக்க இந்த அலைச்சல்.

அவருக்கு சேஃப்டி ஆடுகிறவர்கள் மேல் தனிப் பிரியம். அவரே அந்த இடத்தில் ஆடியவர். எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பவன் சேஃப்டி. பந்தோடு ஓடி வருகிறவனைக் கடைசியாக இடித்து வீழ்த்த வேண்டியவன்; அவனையும் தாண்டிவிட்டால் அப்புறம் வெறும் புல்தரைதான். மற்றவன் செய்த தப்பெல்லாம் கடைசியில் இவன் தலையில் வந்து விடியும். வர்ஜிலுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது.

பொய் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா அணிகளின் ஆட்களும் மைதானத்தில் ஒரே பார்வையாளர் திண்டில்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஒரே மோட்டலில்தான் தங்குவார்கள், பொரித்த கெளுத்தி மீனை ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு பையனைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். பிடித்துப்போனால் உதட்டைப் பிதுக்கி, "ஓட்டம் பத்தாதுப்பா" என்பார்கள். வேண்டாதவனை வாயாரப் புகழ்வார்கள். எல்லோருக்கும் இது தெரியும். அதனால் காதில் விழுவதையெல்லாம் தலைகீழாகப் புரட்டித்தான் எடுத்துக்கொள்வார்கள். போட்டி அணியின் ராய்ஸ் கேண்டி, வர்ஜிலுக்கு உயிர் நண்பர். வர்ஜிலின் மகள் கல்யாணத்தில் கண்கலங்கி நின்றவர். ஆனாலும் ஒரே ஒரு ஆட்டக்காரனைப் பற்றிக்கூட இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் உண்மை பேசியதில்லை. அதில் இருவருக்கும் பெருமை வேறு.

அந்த வருஷம் வர்ஜிலின் அணிக்கு ஒரு சேஃப்டி கட்டாயம் தேவைப்பட்டது. தலைமை மேலாளர் ஸ்டாங்கல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"நீ கடைசியா காட்டுன ரெண்டு பேரும் இப்ப கார் வித்துக்கிட்டு இருக்கானுங்க. இந்தத் தடவையும் சொதப்பினா, மே மாசம் உன்ன நான் காப்பாத்த முடியாது."

ஆள் பார்ப்பவர்களின் ஒப்பந்தம் ஏப்ரல் தேர்வு முடிந்த கையோடு தீர்ந்துவிடும். வேண்டாதவர்களை அப்போதுதான் கழித்துக் கட்டுவார்கள். வயது அறுபதை நெருங்கும் வர்ஜிலுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

ஆனால் அவர் பயப்படவில்லை. கையில் டைரெல் பாய்கின் இருந்தான். பருத்திக் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் படித்த பையன். இரண்டாம் வருஷத்திலிருந்தே வர்ஜில் அவனைப் பார்த்து வந்தார். பந்து எங்கே போகும் என்று யாரோ முன்கூட்டியே காதில் ஓதிவிட்டதைப்போல ஓடி வருவான். நெஞ்சுக்கு நேராகப் போய் இடிப்பான். வலது தோள், இடது தோள் என்ற வேற்றுமை கிடையாது. நான் தேடிக்கொண்டிருந்தவன் இவன்தான் என்று வர்ஜில் மேலிடத்துக்கு எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்.

கடைசி வருஷம், அக்டோபருக்குப் பிறகு, பையன் மாறிப்போனான். இடிக்கப் போகும்போது ஒரு கணம் தயங்கினான். உடம்பைத் திருப்பி வலது தோளை மட்டும் கொடுத்தான். "தொழில்ல காசு வரப்போகுதுல்ல, உடம்ப பாத்துக்கிறான். பயந்துட்டான்" என்று திண்டில் பேசிக்கொண்டார்கள். வர்ஜிலும் முதலில் அப்படித்தான் நினைத்து மனம் தளர்ந்தார்.

பிறகு ஒரு நாள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு இடிக்குப் பிறகும் பாய்கின் இடது கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு நடந்தான். வர்ஜில் படத்தை அங்கேயே நிறுத்தினார். அந்தக் கட்டைவிரலை அவருக்குத் தெரியும்.

கழுத்தில் அடி விழுந்தால் கை முதலில் நெருப்பாக எரியும், அப்புறம் மரத்துத் தொங்கிப்போகும். தொங்கவிட்டால் பயிற்சியாளர் பார்த்துவிடுவார், வெளியே உட்கார வைத்துவிடுவார். அதனால் விரலைப் பட்டையில் செருகி, ஒன்றும் இல்லாதவன் மாதிரி நடப்பது. வர்ஜில் தன் கடைசி ஆட்டப் பருவம் முழுக்க அப்படித்தான் நடந்தார். ஒரு நாள் கையோடு காலும் போயிற்று. மைதானத்தில் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் திரும்பி வந்தது, அது அவர் அதிர்ஷ்டம். இன்றைக்கும் இடது கையில் கோப்பை நிற்காது. லொரீன் அவருக்குப் பாதிக் கோப்பைதான் காபி ஊற்றுவாள்.

பயிற்சி முடிந்து பையன் தன் பழைய டிரக்கில் ஏறப்போகும்போது வர்ஜில் மடக்கினார்.

"தம்பி, எப்ப இருந்து?"

"எது சார்?"

"கை."

பாய்கின் சுற்றும் முற்றும் பார்த்தான். "கைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதப் பிடி பாப்போம்." வர்ஜில் தன் கார் சாவியை அவன் இடது பக்கமாகத் தூக்கிப் போட்டார். பையன் அதை வலது கையால் எட்டிப் பிடித்தான். பிடித்த பிறகுதான் அவனுக்கே புரிந்தது. முகம் செத்துப்போயிற்று.

"சார், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிருது சார், நெசமா."

"எனக்கும் அப்படித்தான் சரியாச்சு. அப்புறம் ஒரு நாள் காலு வரல."

"உங்களுக்கு வந்துருச்சுல்ல? நடந்துதானே வந்திருக்கீங்க?" பையனின் குரல் உடைந்தது. "எட்டு வயசுல இருந்து இது ஒண்ணுதான் சார் செய்றேன். நீங்க வாயத் தொறந்தா நான் ஒண்ணுமே இல்ல. நீங்களும் இதே எடத்துல ஆடுனவருதானே. இப்படிப் பண்ணுவீங்களா?"

வர்ஜில் கையை நீட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு காருக்குப் போனார்.

பிப்ரவரியில் ஸ்டாங்கலின் அறையில் சொல்லிவிட்டார். எடுக்க நினைக்கும் பையன்களின் பெயர்த் தகடுகளை மாட்டியிருந்த பெரிய சுவர்ப் பலகையில் பாய்கினின் பெயர் மேல் வரிசையில் இருந்தது.

"எடுத்துருங்க. கழுத்து போயிருச்சு."

"நம்ம டாக்டர் பாத்தாரே. கழுத்தெலும்புக்குள்ள நரம்பு போற வழி கொஞ்சம் குறுகலா இருக்கு, ஆனா ஆடலாம்னுட்டார். எந்த டாக்டரும் வேணாங்கல."

"டாக்டர்கிட்ட அவன் கை மரத்துப்போறத சொல்லல."

"உன்கிட்ட சொன்னானா?"

"வாய் விட்டுச் சொல்லல."

ஸ்டாங்கல் நாற்காலியில் சாய்ந்தார். "வர்ஜில், ஒண்ணு சொல்லட்டுமா? உன் கழுத்தக் கழட்டி எல்லாப் பசங்க மேலயும் மாட்டிப் பாக்குற நீ. மூணு வருஷமா இவன் இவன்னு குதிச்சது யாரு?"

அது வர்ஜிலைச் சுட்டது. அப்படியும் இருக்கலாம் என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்ததுதான் அதில் கொடுமை. ஆனாலும் பிடியை விடவில்லை. ஸ்டாங்கல் முணுமுணுத்துக்கொண்டே பெயர்த் தகட்டைப் பலகையிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் போட்டார். ஒரு பையனின் வாழ்க்கை பெட்டியில் விழுந்து டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் வர்ஜில் பிழைத்திருப்பார். தொழில் தர்மம் அதுதான். தெரிந்ததைத் தன் அணிக்கு மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. ஆனால் தன் பலகையிலிருந்து பிடுங்கினால் மற்றவர்கள் பலகையிலிருந்து பெயர் போய்விடுமா? யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். ஆட்டங்கள் தொடங்கும் செப்டம்பரில் அவன் யாருக்காவது எதிரே ஓடத்தான் போகிறான். வர்ஜிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லொரீன் சமைத்ததைக் கிண்டிவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரலில் ஒரு மதியம், ஹைவே ஓரத்துக் கடையில் எதிரே ராய்ஸ் கேண்டி உட்கார்ந்திருந்தார். கெளுத்தியும் கீரையும் வந்தன. வர்ஜில் முள்கரண்டியைத் தொடாமல் சொன்னார்.

"ராய்ஸ், பாய்கின எடுக்காதீங்கடா. அவனுக்குக் கழுத்து சரியில்ல."

ராய்ஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "அட அட அட. கழுத்தா? புதுசா இருக்கே! வழக்கமா முழங்கால்னுதானே சொல்லுவ?"

"டேய், நான் விளையாடல. கை மரத்துப்போகுது அவனுக்கு. என் கண்ணால பாத்தேன்."

"உனக்கு சேஃப்டி வேணும், ஊருக்கே தெரியும். மூணு வருஷமா அந்தக் கல்லூரிக்குக் குடி போயிட்ட. இப்ப கழுத்து சரியில்லையாம்! முகத்த வேற எழவு வீட்டு முகமா வச்சுக்கிட்டு… நீ நாடகத்துக்குப் போயிருக்கணும்டா."

"என் பொண்ணு மேல சத்தியமா."

ராய்ஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நட்பில் அவர்கள் அதுவரை சத்தியம் செய்துகொண்டதில்லை. வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் நம்பியிருப்பான். ஆனால் ராய்ஸ் வாழ்நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டியே கேட்டுப் பழகிய காதுக்காரர். சத்தியம் பண்ணுகிற அளவுக்கு ஆசையா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"மீன் ஆறுது, சாப்பிடு" என்றார்.

ராய்ஸின் அணி, யாரும் எதிர்பார்க்காதபடி, இரண்டாம் சுற்றிலேயே பாய்கினை அள்ளிக்கொண்டது. தொலைக்காட்சியில் பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். வலது கையால் மட்டும்தான் கட்டிக்கொண்டான். வர்ஜிலைத் தவிர அதை யார் கவனித்திருப்பார்கள்? சற்று நேரத்தில் ராய்ஸின் போன் வந்தது.

"நாலாவது சுற்றுக்குத்தான் வச்சிருந்தோம். நீதான்டா ரெண்டுக்கு ஏத்திவிட்ட! உனக்கு ஒரு விருந்து கடன்."

வர்ஜில் போனை வைத்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தார். உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவன் நாலாவது சுற்று ஆளாக, களத்தில் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பானோ என்று நினைத்து நினைத்துப் புழுங்கினார்.

ராய்ஸ் இந்தக் கதையைப் போன இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது நடந்து நடந்து ஸ்டாங்கலிடமும் போய்ச் சேர்ந்தது. நம் அறையில் பேசியதைப் போட்டிக்காரனிடம் போய்ச் சொன்னாயா என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றார் வர்ஜில். மே மாதம் அவருக்குப் பதிலாக வேறொருவரின் கார் மிசிசிப்பிச் சாலையில் ஓடியது.

வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். வேலியைப் பழுது பார்த்தார், பழுதில்லாத இடத்தையும் பார்த்தார். பழைய சகாக்கள் யாரும் கூப்பிடவில்லை. ரகசியத்தை வெளியே விட்டவன் என்று பெயர் கெட்டுவிட்டது.

செப்டம்பரில் பாய்கின் முதல் ஆட்டத்திலிருந்தே களத்தில் இறங்கினான். நன்றாக ஆடினான். மிக நன்றாக ஆடினான். பேப்பர்காரர்கள் கொண்டாடினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வர்ஜில் தொலைக்காட்சி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவன் நல்லா ஆடினா உன் முகம் செத்துப்போகுது" என்றாள் லொரீன். "அவன் விழுந்தா சந்தோஷப்படுவியா? என்னதான் வேண்டிக்கிற நீ?"

"தெரியல, லொரீன்."

பொய் இல்லை. பையன் கடைசிவரை நன்றாக ஆடினால், வர்ஜில் இல்லாத நோயைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் தொலைத்த முட்டாள். வர்ஜில் சொன்னது சரி என்றால், பையன் கிடப்பான். முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல அவருக்கு ஆசைதான். முழு மனசாகச் சொல்ல வரவில்லை. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

நவம்பரில் ராய்ஸின் அணி, வர்ஜிலின் பழைய அணியான ஏரிக்கரை நகரத்துக்கு எதிராக ஆடியது. ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் பந்தோடு ஒருவன் நடுவில் பிளந்துகொண்டு வந்தான். பாய்கினைத் தவிரக் குறுக்கே யாருமில்லை. வலது தோளைத் திருப்ப அவனுக்கு இடம் இல்லை. இடதைக் கொடுத்தான்.

பந்துக்காரன் எழுந்தான். பாய்கின் எழவில்லை.

அரங்கம் அடங்கிப்போயிற்று. இரண்டு அணிப் பையன்களும் மண்டியிட்டார்கள். தலைக்கவசத்தின் முன்கம்பியை அறுத்தார்கள், தூக்குப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது, கை கால் அசைகிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது அங்கே வழக்கம். கூட்டம் அதற்காகத்தான் நின்றுகொண்டு காத்திருந்தது. வர்ஜிலும் எழுந்து நின்றார். அவனை ஏற்றிய வண்டி நகரத் தொடங்கியதும் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

போன் அடித்தது. ஸ்டாங்கல்தான். பின்னால் அரங்கத்தின் முணுமுணுப்பு கேட்டது.

"வர்ஜில், பாத்தியா? நீ சொன்னதுதான்யா நடந்துருச்சு. இங்க எல்லாரும் உன்னப் பத்தித்தான் பேசுறோம். நடந்தத விடு. உன் இடம் உனக்குத்தான், நாளைக்கே வந்துரு."

"ஸ்டாங்கல், நீங்க அங்கதானே இருக்கீங்க?"

"ஆமா, மேல கண்ணாடி அறையில."

"கையத் தூக்கினானா?"

"யாரு?"

"பாய்கின். வண்டி போகும்போது விரலத் தூக்கினானா? இடது கை. ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி, தூக்கினானா?"

"அத நான் கவனிக்கலய்யா" என்றார் ஸ்டாங்கல். "நான் உனக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருந்தேன்."