எழுநூறு மில்லியோடு திண்டிவனம் பக்கத்துக் கிணற்றுக்கு

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் செயலிழந்து பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் டயாலிசிஸ். நாளுக்கு எழுநூறு மில்லிதான் குடிக்கலாம். காப்பி, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக் கழித்துக்கொண்டே வருவேன்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு பூசையில் சமாரியப் பெண்ணின் வாசகம். கிணற்றடியில் களைத்து உட்கார்ந்த ஆண்டவர் அவளிடம் தண்ணீர் கேட்ட இடம். வீட்டுக்கு வந்ததும் இவர், “கேட்டவருக்கு அந்தம்மா அளந்தா குடுத்திருக்கும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “செவ்வாக்கெழமயோட சரி. வர்ற வெள்ளிக்கெழம நான் வரல. போதும்,” என்றார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். நான் வாதாடவில்லை. “வியாழக்கெழம மட்டும் என்கூட ஒரு எடத்துக்கு வாங்க,” என்றேன்.

காலை 7.10க்கு விழுப்புரத்தில் பஸ். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு 38 ரூபாய், 8.20க்கு இறங்கினோம். வழியெல்லாம் எனக்குப் பெத்சதா குளத்து நோயாளியின் நினைவு. சுகமாக ஆசையா என்று ஆண்டவர் கேட்டால், அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றான். முப்பத்தெட்டு வருஷம் படுத்தவனுக்கு ஆசைகூட அலுத்துப்போயிருக்கும்.

பஸ் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்குப் போக வர, காத்திருப்பு உட்பட 400. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவில் சின்ன வேதக் கோயில், பின்னால் நோயாளிகள் வேண்டிக்கொண்டு வந்து குடிக்கும் கிணறு. (கோடையில் ஊருக்கே அந்தத் தண்ணீர்தான், கூட்டம் சேர்ந்தால் தாங்காது என்று கேட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெயரை அதனால் எழுதவில்லை. தேவைப்படுவோர் எனக்கு எழுதிக் கேளுங்கள்.)

“அங்க யாரும் தனக்குத் தானே மொண்டு குடிக்கக் கூடாதுங்க. முன்னால நிக்கிறவங்க பின்னால நிக்கிறவங்களுக்கு ஊத்தணும். எங்க வூட்ல சாமி வேற, ஆனா நாங்களும் வரிசைல நிப்போம்,” என்றார் ஆட்டோக்காரர்.

இவருக்குத் தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் பின்னால் நின்றேன். நான் செய்த பிசகு அதுதான். யோசிக்கவே இல்லை.

முன்னால் நின்ற அம்மா வாளியிலிருந்து செம்பு நிறைய மொண்டு, “கையேந்துங்கண்ணே,” என்றார். இவர் சட்டைப் பையிலிருந்து மருந்து மூடியை எடுத்து நீட்டினார். காலைக் காப்பியை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடித்த நூறு மில்லிக்காக நான் கொண்டுவந்தது.

“என்னாண்ணே, கெணத்துத் தண்ணிக்கு டானிக் மூடியா?”

“அவ்ளோதான்மா எனக்குப் பர்மிஷன்,” என்றார் இவர். இடது கையில் ஊசி போட்ட தழும்புகளை அந்த அம்மா பார்த்துவிட்டார். மூடியில் பத்துப் பத்து மில்லியாக, சிந்தாமல், பத்து முறை ஊற்றினார். செம்பில் மீதி இருந்ததை, “இதுக்குக் கணக்கு கெடையாதுல்ல?” என்று கேட்டு அவர் பாதத்தில் ஊற்றினார்.

அடுத்து இவர் எனக்கு ஊற்ற வேண்டும்.

அவர் எதிரில் நான் தண்ணீர் குடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிப்பேன். “எனக்கு வேணாங்க,” என்றேன்.

“ஏந்து கைய. கதவ மூடிக்கினு குடிக்கிறியே, மடக்கு மடக்குனு சத்தம் கூடத்துக்கே கேக்குது.”

வலது கையால் மெதுவாக ஊற்றினார். குடித்தேன். நிறுத்தினால், “இன்னும்,” என்றார். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் பயந்த ஏக்கம் இல்லை. யாருக்கோ எதையோ கொடுக்க முடிந்தவரின் முகம் அது.

திரும்பும்போது வெள்ளிக்கிழமை பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மதியம் 1.30க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போங்கள். நோயாளி கயிறு இழுக்க வேண்டாம். இறைத்துத் தர ஆள் இருப்பார்கள். குடிக்கும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். டயாலிசிஸை எந்த ஊற்றுக்காகவும் நிறுத்தாதீர்கள். அந்த மெஷினில் இரத்தத்தைக் கழுவுவதும் தண்ணீர்தான். அதையும் ஆண்டவர் கொடுத்ததாகவே நான் எண்ணுகிறேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் விழித்தபோது, இவர் டயாலிசிஸ் பையை எடுத்துக்கொண்டு செருப்போடு வாசலில் நின்றார்.

“தண்ணி குடிச்சிட்டு ஜல்தியா வா,” என்றார்.

சமையலறைக்குப் போகவில்லை. செம்பை வாசலுக்கே கொண்டுவந்து, அவர் பார்க்கக் குடித்தேன்.